உங்கள் மகளுக்கு எழுபத்தைந்து வயதாகும்போது அந்தக் காணி எப்படி இருக்கும்?

கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு இப்போது இரண்டு வயது. தெஹிவளையில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள வேலணையில் அப்பா வழியில் வந்த ஒரு காணி சும்மா கிடக்கிறது. ஒருவர் "இந்த நூற்றாண்டு முடியுமுன் யாழ்ப்பாணம் கடலுக்குள் போய்விடும், இப்போதே வில்" என்றார், இன்னொருவர் "காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கும், பயப்படாதே" என்றார். 2100 அளவில் இலங்கையின் வெயிலும் மழையும் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது, இந்தப் பேச்சுகளில் எதை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கலாம் என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். நான் காலநிலை மாதிரிகளை, அதாவது வருங்கால வெயிலையும் மழையையும் கணக்கிடும் கணினி நிரல்களை, உருவாக்கும் விஞ்ஞானி இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் குளத்து வானுக்கும் (மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் இடம்) மதகுக்கும் நகர வடிகாலுக்கும் கணக்குப் பார்த்த பொறியியலாளன். மாதிரிகள் தரும் எண்களை வாங்கி, அவற்றை வைத்து எவ்வளவு அகலத்துக்கு மதகு கட்டுவது என்று முடிவு செய்வதுதான் என் வேலையாக இருந்தது. எண் பிழைத்தால் கட்டு உடையும் என்ற பயத்தோடுதான் அவற்றைப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில், நிச்சயமானதையும் சந்தேகமானதையும் வேறு வேறாக வைத்துப் பேசுகிறேன்.

வெப்பம் கூடும். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி, 2011 முதல் 2020 வரையான பத்து வருடங்களில் உலகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏற்கெனவே 1.1 பாகை செல்சியஸ் சூடாகிவிட்டது. நூற்றாண்டின் கடைசி இருபது வருடங்களில், புகையை, அதாவது வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு போன்றவற்றை, வேகமாகக் குறைத்தால் 1.8 பாகை, நடுத்தரமாகப் போனால் 2.7, கட்டுப்பாடே இல்லாமல் போனால் 4.4 என்பது அவர்களின் சிறந்த மதிப்பீடு. நாங்கள் கடல் சூழ்ந்த தீவில் இருப்பதால் உலக நிலப்பரப்பின் சராசரியைவிடச் சற்றுக் குறைவாகவே சூடாவோம். இன்றிலிருந்து பார்த்தால் இன்னும் ஏறத்தாழ 1 முதல் 3 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு என்பது உலகம் விடும் புகையைப் பொறுத்தது.

இரண்டு பாகைதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். கொழும்பில் மிகவும் குளிரான மாதத்தின் சராசரிக்கும் மிகவும் வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே ஏறத்தாழ இரண்டு பாகைதான். மார்கழி, தை மாதங்களில் விடிய எழும்பும்போது ஒரு சின்னக் குளிர் தெரியும் அல்லவா, சித்திரையில் விசிறியைக் கூட்டி வைத்தும் முதுகு நனையும் அல்லவா, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் அவ்வளவுதான். ஆகவே இரண்டு பாகை கூடினால் உங்கள் மகளுடைய தை மாதம் நம்முடைய சித்திரையாக இருக்கும், அவளுடைய சித்திரைக்கு ஒப்பிட்டுச் சொல்ல நமக்கு ஒரு மாதமே கிடையாது. அதோடு ஈரப்பதன். வெப்பமானி 32 காட்டும்போதே இங்கே உடம்புக்கு நாற்பதை நெருங்கியது போல இருக்கிறது, ஏனென்றால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை உலராது, வியர்வை உலராவிட்டால் உடம்பு தன்னைக் குளிர்த்திக்கொள்ள வழியில்லை. கட்டட வேலை, வயல் வேலை, மீன் வாடி வேலை செய்பவர்களுக்கு இது வசதி சம்பந்தப்பட்ட பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழும்பு அவதானிப்பு நிலையம் 1907இல் ஆரம்பித்தது, அதனால் நம்மிடம் நீண்ட பதிவு இருக்கிறது. ஆனால் அந்த வெப்பமானியைச் சுற்றி ஒரு நகரமே வளர்ந்துவிட்டது. மரம் போய்க் கொங்கிறீற்று வந்த இடத்தில் இரவு வெப்பம் தானாகவே கூடும். கொழும்பின் பதிவில் ஏறிய வெப்பம் முழுவதையும் உலக வெப்பமாதலின் கணக்கில் எழுதினால் அது சரியான கணக்கு இல்லை. நகரத்துக்கு வெளியே உள்ள நிலையங்களிலும் ஏற்றம் தெரிவதால்தான் நான் நிச்சயம் என்று சொல்கிறேன்.

இனிக் கடல். உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் ஏறுகிறது, முந்திய வேகத்தைவிட இது கூட. 2100இல், புகையை மிக வேகமாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்ரிமீற்றர், மிகக் கூடினால் 63 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை என்பது மதிப்பீடு. இதில் சந்தேகமான பகுதி அந்தாட்டிக்காவின் பனித்தகடு. அது எதிர்பாராத வேகத்தில் குலைந்தால் இரண்டு மீற்றரை நெருங்குவதையும் மறுக்க முடியாது என்று அதே அறிக்கை சொல்கிறது. நடக்கும் வாய்ப்புக் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. கடல் 2100இல் நின்றுவிடாது, அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஏறும் என்பது நிச்சயம்.

அப்படியென்றால் யாழ்ப்பாணம் கடலுக்குள் போகுமா? குடாநாட்டின் பெரும்பகுதி ஒரு மீற்றரைவிட உயரத்தில் இருக்கிறது, உங்கள் மகளின் காலத்தில் அது முழுவதும் தாழப் போவதில்லை. ஆனால் தீவுப்பகுதி, கடனீரேரிக் கரைகள், மன்னார்க் கரை எல்லாம் மிகவும் தாழ்வு. அங்கே நான் பயப்படுவது நிலம் மூழ்குவதைப் பற்றி இல்லை. நிலம் கடைசியாகத்தான் போகும். முதலில் போவது கிணறு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் காணியின் விதி இதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கொஞ்சம் இலேசு, அதனால் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு சுத்தமாக அது பொருந்தாது, ஆனால் போக்கு அதுதான். இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடியை மோட்டர் வைத்து இறைத்துவிட்டால், அடியிலிருந்து நாற்பது அடி உவர் மேலே ஏற இடம் கிடைக்கிறது. என் மனைவியின் ஊரும் தீவகம்தான். நாங்கள் கலியாணம் செய்த காலத்தில் அவர்கள் வளவுக் கிணற்றில் குடிக்கலாம். பக்கத்துத் தோட்டங்களில் இரவு பகலாக மோட்டர் ஓடத் தொடங்கிச் சில வருடத்தில் தேத்தண்ணி கரித்தது, அப்புறம் சவர்க்காரம் நுரைக்காமல் போனது, இப்போது அந்தக் கிணறு கால் கழுவ மட்டும்தான். மாமி கடைசி வரைக்கும் கோயில் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்துதான் சோறு வைத்தார். அது கடல் ஏறியதால் வந்தது இல்லை, நாங்கள் இறைத்ததால் வந்தது. கடலும் ஏறும்போது அதே காரியம் இறைக்காமலேயே நடக்கும். கரையிலிருந்து உள்ளே உள்ளே வரும்.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் குடாநாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தை முன்வைத்தார். தொண்டைமானாறு போன்ற இடங்களில் உவர்நீரைத் தடுக்கும் கதவுகள் போடப்பட்டதும் இந்த யோசனையோடு சேர்ந்ததுதான். நன்னீரை நிலத்துக்குள் தேக்கி, உவரை வெளியே தள்ளுவது என்ற அந்த எண்ணத்துக்கு எழுபது வருடமாகிறது. இன்று அதன் தேவை அன்றைவிடக் கூட.

மழைக்கு வருவோம். நீங்கள் கேட்டதில் மிகக் கடினமான பகுதி இது. உலக மாதிரிகள் பூமியைப் பெட்டி பெட்டியாக வெட்டிக் கணக்குப் பார்க்கின்றன, ஒரு பெட்டியின் பக்கம் பொதுவாக நூறு கிலோமீற்றர் அளவு. இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர், அகலம் மிஞ்சிப்போனால் 220 சொச்சம். அதாவது முழு நாடும் நாலு பெட்டி நீளம், இரண்டு பெட்டி அகலம். அந்தப் பெட்டிக்குள் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை சராசரியாகி ஒரு மேடு மாதிரி ஆகிவிடும். ஆனால் நம் நாட்டு மழையைப் பங்கு போடுவதே அந்த மலைதான். ஆனி மாதம் வட்டவளைப் பக்கம் நிறுத்தாமல் கொட்டும்போது, மலைக்கு அந்தப் புறம் பண்டாரவளையில் வறண்ட காற்று அடிக்கும். மேற்குச் சரிவில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் இடமும் இருக்கிறது, மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் ஆயிரத்தைத் தொடாத இடமும் இருக்கிறது. மலையே தெரியாத மாதிரி இதை எப்படிச் சொல்லும்? இன்னும் நுணுக்கமான பிரதேச மாதிரிகள் இருக்கின்றன, ஆனால் அவையும் பெரிய மாதிரியிடமிருந்துதான் காற்றையும் ஈரத்தையும் வாங்குகின்றன, அதன் பிழையும் சேர்ந்தே வரும். ஆகவே "2080இல் வவுனியாவில் மழை 14 வீதம் குறையும்" என்று யாராவது துல்லியமாக எழுதியிருந்தால், அந்த 14 என்ற எண்ணை நம்பி ஒரு சதம்கூடப் போடாதீர்கள்.

தென்னாசியப் பருவமழை மொத்தத்தில் கூடும் என்பதில் பெரும்பாலான மாதிரிகள் ஒத்துப்போகின்றன, சூடான காற்று ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவி தாங்கும் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்தது மறுபக்கம், பருவமழை பலவீனமானது. அதற்குத் தென்னாசியாவின் புகைமூட்டம், அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்கள், சூரிய ஒளியை மறைத்தது முக்கிய காரணம் என்கிறார்கள். காற்று சுத்தமாகும்போது மழை திரும்பக் கூடலாம். நான் இதைக் கூடும் என்றும் எழுதமாட்டேன், குறையும் என்றும் எழுதமாட்டேன். ஈரவலயத்தில் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம், உலர்வலயத்தில் எனக்குத் தெளிவு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் மொத்தம் தெரியாவிட்டாலும், மழை வரும் விதம் மாறும் என்பதில் எனக்கு நல்ல உறுதி இருக்கிறது. கிராமத்து மழைமானி நிலையம் ஒன்றின் பதிவேட்டை ஒருநாள் பார்த்தீர்கள் என்றால் விளங்கும். தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் போய், மானிக்குள் சேர்ந்ததை அளவுச் சாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு எண்ணை எழுதுகிறார். பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று பக்கம் முழுக்கப் போகும். பிறகு ஒரு நாள் மட்டும் 150 என்று இருக்கும், அதன் கீழே திரும்பவும் பூச்சியங்கள். மாத மொத்தத்தைப் பார்த்தால் சராசரி மழை, எந்தக் குறையும் இல்லை. ஆனால் விவசாயிக்கு அந்த மாதத்தில் பயிர் காய்ந்தும் போயிருக்கும், அழுகியும் போயிருக்கும். குளத்துக்கும் அப்படித்தான், ஒரே நாளில் வந்த தண்ணீர் வான் பாய்ந்து கடலுக்குப் போய்விடும். சூடான உலகில் இந்த மாதிரிப் பக்கங்கள் கூடும், காரணம் நான் சொன்ன அதே நீராவிக் கணக்கு.

இடையில் ஒரு விஷயம், இதை நிறையப் பேர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். எல் நினோ, அதாவது பசுபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, என்றதும் நம்மவர்கள் இந்தியச் செய்தியைப் பார்த்து வறட்சி என்று பயப்படுகிறார்கள். இலங்கையில் எல் நினோ வருடத்தின் ஐப்பசி முதல் மார்கழி வரை பெரும்பாலும் மழை கூடும், அதற்குப் பிறகு தை முதல் பங்குனி வரைதான் குறையும். அதோடு இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகும் இருமுனை ஊஞ்சல் ஒன்று இருக்கிறது. 2016இல் அது நமக்குப் பாதகமாக ஆடியதால் மாரி பொய்த்து, 2017இல் பெரும்போகம் (மாரி மழையை நம்பிய நெல் விளைச்சல்) பெருமளவில் அழிந்தது. மேற்குப் பக்கம் கடுமையாகச் சூடாகும் வருடங்கள், அதாவது நமக்கு மாரியில் மழை கூடும் வருடங்கள், இனி அடிக்கடி வரும் என்று பல மாதிரிகள் காட்டுகின்றன. வன்னிக் குளங்களுக்கு அது நல்லதா கெட்டதா என்பது அந்த மழை இருபது நாளில் வருகிறதா இரண்டு நாளில் வருகிறதா என்பதில் இருக்கிறது.

புயலைப் பற்றியும் இதே மாதிரித்தான் சொல்ல முடியும். எண்ணிக்கை கூடும் என்று சொல்ல ஆதாரம் போதாது, குறையவும் கூடும். வரும் புயல்களில் கடுமையானவற்றின் பங்கும், ஒவ்வொன்றும் கொட்டும் மழையும் கூடும் என்பது உறுதி. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காற்றால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், தென்னைகள் தீக்குச்சி மாதிரி முறிந்ததைச் சொல்வார்கள். 2025 நவம்பரில் வந்த டித்வாவோ காற்றில் பெரிய புயல் இல்லை. மழைதான் அறுநூறுக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டுபோனது, அதில் பெரும்பங்கு மலைநாட்டில். எனக்கு அந்தச் செய்தியைப் பார்க்கும்போது 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்து லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணுக்குள் போனதுதான் கண்ணில் நின்றது. சரிவில், தண்ணீர் ஓட வழி வெட்டாத இடத்தில், தாங்கள் தெரிவு செய்யாத வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். காலநிலை மாறுகிறது என்று நாங்கள் கொழும்பில் பேசிக்கொண்டிருக்க, அதற்கு முதலில் விலை கொடுப்பவர்கள் அவர்கள். அந்த மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி கொடுப்பதைவிட அவசரமான காலநிலை வேலை இந்த நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கொழும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992 யூனில் இங்கே ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது, 2010 நவம்பரில் 440. பத்தொன்பது வருடத்துக்குள் இரண்டு. இதை மட்டும் வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று நிரூபிக்க முடியாது, இரண்டு நிகழ்வு புள்ளிவிவரம் ஆகாது. ஆனால் நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொண்டு வடிகால் கட்டும் எங்கள் கணக்கு பழைய பதிவை நம்பியிருக்கிறது, அந்தப் பழைய பதிவு இனிமேல் வழிகாட்டாது என்பது உண்மை. 2016 மேயில் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதற்கு மழை பாதி, சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பியது பாதி. மிச்சமிருக்கும் சதுப்பு நிலத்துக்காகத்தான் கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த நிலத்தைக் காப்பாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

சோறு, தேயிலை, நுளம்பு மூன்றையும் பற்றி ஒவ்வொரு வார்த்தை. நெல் பூக்கும் நேரத்தில் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகும், அதனால் பூக்கும் காலத்தைத் தள்ளிப் பிடிக்கும் இனங்கள் தேவைப்படும். மலையில் ஒவ்வொரு பாகை வெப்பமும் ஏறத்தாழ 150 மீற்றர் கீழே இறங்குவதற்குச் சமம். இரண்டு பாகை கூடினால் நுவரெலியாக் கொழுந்து இன்று 300 மீற்றர் கீழே இருக்கும் தோட்டத்துக் கொழுந்து மாதிரித்தான் வளரும், அந்த மணம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். டெங்கு 2017இல் 1,86,000 பேரைப் பிடித்தது. வெப்பம் நுளம்பை மலைக்கு மேலே ஏற்றும், ஆனால் குப்பையை அள்ளாமல் விடுவது இன்றைக்கு அதைவிடப் பெரிய காரணம்.

சரி, காணி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போது விற்கமாட்டேன், அங்கே பெரிய வீடும் கட்டமாட்டேன். முதலில் நிலஅளவையாளர் ஒருவரைப் பிடித்துக் காணி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எடுங்கள். ஒரு மீற்றருக்குக் கீழே என்றால் உங்கள் மகளின் வயோதிபத்துக்கு அதை நம்பாதீர்கள், தென்னையோ பனையோ நிற்கட்டும். இரண்டு மீற்றருக்கு மேல் என்றால் கேள்வி கிணற்றுக்கு மாறுகிறது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பதற்கும் மிச்சத்தைக் கிணற்றடியில் நிலத்துக்குள் இறக்குவதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், மாரி மூன்று மாதத்தில் வரும் மழைதான் அந்த மண்ணின் வருடச் சம்பளம்.

அதோடு ஒரு சின்ன வேலை. தண்ணீரின் உப்பைக் காட்டும் பேனை அளவு மின்கடத்துதிறன் மானி ஒன்று வாங்கி, ஊரில் இருக்கும் யாரிடமாவது கொடுங்கள். வருடத்தில் இரண்டு தரம் போதும். புரட்டாதிக் கடைசியில் மாரி தொடங்குமுன் ஒருமுறை, தையில் மழை விட்ட பிறகு ஒருமுறை, கிணற்றில் ஒரு வாளி அள்ளி அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிணறு எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் சேர்த்து. முதல் இரண்டு எண்ணும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், அந்தக் காணியைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்கிறேன்.